தூக்குக்குத் தேற்றிய உடம்பு

1958-ம் வருடம், மழைக்காலம் தொடங்கியிருந்த சமயம். பெங்களூரில் ஒரு சிறைச்சாலையின் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தேன். எனக்கு இருபத்தேழு வயது. ஆஸ்டின் டவுனில் வாடகை வீடு, கல்யாணமாகி ஒரு வருடம். தினம் சைக்கிளில் போய் வருவேன். யார் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. அவர்களில் சிலருடைய பிள்ளைகள் எங்காவது நல்லபடியாக இருக்கலாம்.

சிறை ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பன்னிரண்டு கட்டில்கள், ஒரு மருந்து அறை, ஆள் ஏறி நிற்கும் எடை மேடை ஒன்று, காலையில் வந்து மதியம் போகும் ஒரு டாக்டர். அவ்வளவுதான். டாக்டர் மைசூர்ப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். எங்களிடம் கன்னடமும் தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசுவார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அவர் எழுத வேண்டிய கடிதம், ரிஜிஸ்டர் எல்லாவற்றையும் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

அந்த மழைக்காலத்தில்தான் தூக்குத் தண்டனைக் கைதி ஒருவரை எங்களிடம் தூக்கி வந்தார்கள். அப்போது நாங்கள் எல்லோரும் அவரை ‘அவன்’ என்றுதான் சொல்வோம். நானும் அப்படித்தான் சொன்னேன். இப்போது எழுதும்போது அந்த வார்த்தை வரவில்லை.

அவருக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும். நீலசந்திராவில் குடியிருந்த கொத்தனார், வட ஆற்காட்டுப் பக்கம் பூர்வீகம். மனைவியும் அவரோடு கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனவர்தான். கூட வேலை செய்த இன்னொரு கொத்தனாருக்கும் தன் மனைவிக்கும் ஏதோ இருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சிமெண்ட் மூட்டை மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்த அந்த மனிதரைக் கடப்பாரையால் அடித்துக் கொன்றுவிட்டார். சந்தேகத்தில் துளியும் உண்மை இல்லை என்று பிறகு அவருக்கே தெரிந்துவிட்டது. கோர்ட்டில் அவர் எதையும் மறுக்கவில்லை. தூக்கு விதித்தார்கள், அப்பீலிலும் அதுவே நின்றது. கடைசியாக டெல்லிக்குக் கருணை மனு போயிருந்தது. அதற்குப் பதில் வருவதற்காகத் தனி அறையில் காத்திருந்தபோதுதான் காய்ச்சல் வந்தது.

எனக்கு அப்போது தூக்குத் தண்டனையைப் பற்றிப் பெரிய யோசனை எதுவும் கிடையாது. தூங்குகிற ஆளை அடித்துக் கொன்றவனை வேறு என்ன செய்வது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. சிறையில் வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் அப்படித்தான். கைதி என்ன செய்துவிட்டு வந்தான் என்று முதல் நாள் கேட்போம். இரண்டாம் நாள் மறந்துவிடுவோம்.

ஆஸ்பத்திரியின் கோடியில் கம்பிக் கதவு போட்ட சின்ன அறை ஒன்று உண்டு. அதில் அவரைப் படுக்க வைத்து வாசலில் காவலுக்கு ஒரு வார்டரை உட்கார வைத்தார்கள். டைபாய்டு என்று டாக்டர் சொன்னார். அந்தக் காலத்தில் டைபாய்டு என்றால் பாதி உயிர் போன மாதிரிதான். என் சொந்த அண்ணன் அதில்தான் போனான். ஆனால் அப்போது அதற்குப் புதிதாக ஒரு கேப்சூல் வர ஆரம்பித்திருந்தது. எல்லா இடத்திலும் கிடைக்காது. டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டு, தானே நேரில் போய் வாங்கி வந்தார். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும், திட உணவு ஒரு பருக்கை கூடக் கூடாது, அரோரூட் கஞ்சியும் குளுக்கோஸ் தண்ணீரும் மட்டும் என்று என்னிடம் ஒப்படைத்தார். அண்ணனுக்குக் கிடைக்காத மருந்தைக் கையில் வைத்திருக்கிறோம் என்ற எண்ணம் எனக்கு. இந்த ஆளைப் பிழைக்க வைத்தே தீருவது என்று மனசுக்குள் ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. ராத்திரி வேளைக் கேப்சூலுக்காக அங்கேயே படுத்துக்கொண்டேன்.

நாலு நாள் கொடுத்தேன். காய்ச்சல் இறங்கவே இல்லை. டாக்டர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, சரியாகத்தான் கொடுக்கிறாயா என்று கேட்டார். எனக்கு ரோஷமாகிவிட்டது. ஐந்தாம் நாள் காலையில் படுக்கை விரிப்பை மாற்றும்போது மெத்தையின் கிழிசலில் விரல் பட்டது. உள்ளே பதினைந்தோ பதினாறோ கேப்சூல்கள். வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பது போலக் காட்டிவிட்டு, நான் திரும்பியதும் துப்பி உள்ளே தள்ளியிருக்கிறார்.

வார்டர் டீ குடிக்கப் போயிருந்தார். கேப்சூல்களைக் கையில் வைத்துக்கொண்டு, இதெல்லாம் என்ன என்று கேட்டேன். அவர் பயப்படவில்லை. அவ்வளவு காய்ச்சலிலும் தெளிவாகப் பேசினார்.

“எனக்கு ஒரு பொண்ணு இருக்குது சார். எட்டு வயசு. நான் இப்பிடியே போயிட்டேன்னா, காய்ச்சல்ல செத்தவன் பொண்ணு. நாளைக்கு அவங்க வந்து இட்டுகினு போனாங்கன்னா, தூக்குல தொங்கினவன் பொண்ணு. உங்களுக்கே தெரியும் சார். வுட்டுடுங்க.”

 கருணை மனு இன்னும் முடிவாகவில்லையே என்றேன். டெல்லியில் எத்தனையோ பேருக்கு ஆயுளாக மாற்றியிருக்கிறார்கள், நாளைக்கே நல்ல பதில் வந்தால் அதைக் கேட்க நீ இருக்க வேண்டாமா என்றெல்லாம் பேசினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். நம்பின மாதிரி தெரியவில்லை. செய்தது தப்பு, அந்த ஆள் மேல் ஒரு குற்றமும் கிடையாது, தான் சாக வேண்டியவன்தான், அதற்கு இந்தச் சாவு போதாதா என்று மட்டும் கேட்டார்.

இதை நான் டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கையைக் கட்டி மூக்கு வழியாகக் குழாய் விட்டு மருந்தை இறக்குவார்கள் என்று தெரியும். அதற்கு மனசு வரவில்லை. அந்த ஆள் கேட்டபடி விட்டுவிடவும் மனசு வரவில்லை. அதனால் ஒரு காரியம் செய்தேன். சரி, இனிமேல் மாத்திரை தரமாட்டேன், யாரிடமும் சொல்லவும் மாட்டேன், பசி தாங்காது என்பதற்காகக் கஞ்சி மட்டும் குடி என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். அவர் என் கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்று மதியமே கேப்சூலைப் பிரித்து, உள்ளே இருந்த தூளைக் கஞ்சியில் கலந்தேன். அந்தத் தூளின் கசப்பை நாக்கில் வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அரை டம்ளர் சர்க்கரை போட்டும் அடங்கவில்லை. இரண்டாம் தடவை கொடுத்தபோது, கஞ்சி ஏன் கசக்கிறது என்று கேட்டார்.

“காய்ச்சல் வாய்க்கு எல்லாமே கசக்கும்” என்றேன்.

அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. நான் கொடுத்த ஒவ்வொரு டம்ளரையும் முகத்தைச் சுளித்துக்கொண்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். என் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

நாலாம் நாள் காய்ச்சல் இறங்க ஆரம்பித்தது. ஆறாம் நாள் உடம்பு குளிர்ந்துவிட்டது. டாக்டர் என் முதுகில் தட்டினார். வீட்டுக்குப் போய் மனைவியிடம், சாகக் கிடந்த ஒருவரைப் பிழைக்க வைத்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் யார் என்று சொல்லவில்லை. அன்று அவள் கேசரி செய்தாள்.

மறுநாள் அவருடைய மனைவி பார்க்க வந்தார். கணவர் படுக்கையில் விழுந்ததிலிருந்து வாரம் ஒரு தடவை கம்பிக் கதவுக்கு வெளியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போக அனுமதி கொடுத்திருந்தார்கள். தன்னைச் சந்தேகப்பட்டு ஒரு கொலையையே செய்துவிட்ட கணவரை வாரம் தவறாமல் பார்க்க வருகிற அந்தப் பெண்ணைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். அன்றைக்கு நானே முந்திக்கொண்டு போய், “இனிமே பயமில்லம்மா, பொழச்சிட்டார்” என்றேன்.

அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.  ஆனால் மருந்து அறைச் சுவரில் சாய்ந்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. மகளிடம் அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று சொல்லி வைத்திருப்பதாக மட்டும் சொன்னார். ஜெயில் என்று சொல்லாமல் ஆஸ்பத்திரி என்று சொல்ல முடிந்தது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. அதிர்ச்சியில் அப்படி இருக்கிறார் என்று நினைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அடுத்த இரண்டு வாரம் கொத்தனாரைத் தேற்றுவதுதான் என் வேலை. காய்ச்சலுக்கு முன்பு நூற்று முப்பத்திரண்டு பவுண்டு இருந்தவர் நூற்றொன்றுக்கு இறங்கியிருந்தார். டாக்டர் தினம் அரை சேர் பாலும் இரண்டு முட்டையும் எழுதிக் கொடுத்தார். குழைந்த சோறு, பிறகு பருப்பு, பிறகு ரொட்டி. தினமும் காலையில் அவரை எடை மேடையில் ஏற்றி எடை பார்த்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும் என்றும் சொன்னார். வேறு எந்த நோயாளிக்கும் அப்படி தினம் எடை பார்த்ததில்லை. இவர் மேல் டாக்டருக்குத் தனி அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பவுண்டு ஏறினால்கூடக் கொத்தனாரிடம் சொல்வேன். அவர் சிரிப்பார். என்ன இருந்தாலும் முப்பத்திரண்டு வயது உடம்பு. பிழைத்த பிறகு அதற்குப் பசிக்கத்தான் செய்யும். இன்னும் கொஞ்சம் சோறு கிடைக்குமா என்று கூச்சத்தோடு கேட்பார். தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டி, ஒரு சுவரை எப்படி வளையாமல் எழுப்புவது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். சாவைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை. வாழ்வதற்குக் கொஞ்சம் ஆசை திரும்பியிருந்தது என்றுதான் நினைக்கிறேன். அந்த ஆசையை அவருக்குள் திருப்பி வைத்ததும் நான்தான்.

நூற்றுப் பதினாலு பவுண்டு வந்த அன்று டாக்டர் என்னை மேஜைக்குக் கூப்பிட்டு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். சிறை அதிகாரிக்குப் போக வேண்டிய கடிதம். இன்ன நம்பர் கைதி நோயிலிருந்து முழுமையாகக் குணமடைந்துவிட்டார், இப்போது உடல் தகுதியோடு இருக்கிறார் என்று ஒரே ஒரு வரி. எழுதி முடித்துவிட்டுச் சும்மாதான் கேட்டேன், எதுக்கு ஃபிட் சார் என்று. தனி அறைக்குத் திரும்பவும் மாற்றப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, கருணை மனுவுக்குப் பதில் வந்துவிட்டது என்றார். தள்ளிவிட்டார்கள். எப்போது வந்தது என்று கேட்டேன். காய்ச்சல் இரண்டாவது வாரத்தில் இருந்தபோதே வந்துவிட்டதாம். சட்டப்படி நோயில் கிடப்பவரைத் தூக்கில் போடக்கூடாது. அதனால் டாக்டர் ‘தகுதியில்லை’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். தகுதி வந்ததும் தெரிவிக்கவும் என்று பதில் வந்திருக்கிறது. கடிதங்கள் எல்லாம் நான்தான் எழுதுவேன் என்றேனே, அந்த ஒரு கடிதத்தை மட்டும் அவர் தன் கையால் எழுதியிருக்கிறார்.

“என்கிட்ட ஏன் சார் சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ மருந்து குடுத்திருப்பியா? நோடு, இங்க பாரு, எனக்கே கை வந்திருக்குமான்னு தெரியலப்பா. ஒருத்தருக்காவது தெரியாம இருக்கட்டும்னு பார்த்தேன்.”

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாகப் போயிருக்கும்.

தினமும் எடை பார்க்கச் சொன்னதன் காரணமும் அன்றைக்குத்தான் தெரிந்தது. தூக்கில் போடுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆளின் எடைக்கு இத்தனை அடி கயிறு கீழே இறங்க வேண்டும் என்று புத்தகத்தில் அட்டவணை போட்டிருக்கிறது. நீளம் குறைந்தால் கழுத்து முறியாமல் மூச்சுத் திணறிச் சாவு இழுத்துக்கொண்டே போகும். கூடினால் அதைவிடக் கோரமாகிவிடும். நோயில் மெலிந்த கழுத்துக்கு என்ன செய்வது என்று டாக்டர் குழம்பியிருக்கிறார். அதற்குத்தான் பால், அதற்குத்தான் முட்டை. மனிதத்தன்மையோடு கொல்வதற்காக அவரைக் கொழுக்க வைத்திருக்கிறோம். டாக்டர் இதைச் சொன்னபோது குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. கை மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தது.

தேதி குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் பலகையையும் கயிற்றையும் சோதிக்க ஒரு மணல் மூட்டை கட்டினார்கள். ஆளின் எடையைப் போல ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும் என்பது விதி. அதை நிறுப்பதற்கு ஆஸ்பத்திரி எடை மேடைக்குத்தான் தூக்கி வந்தார்கள். நூற்று எழுபத்தொன்று. கூட இருந்த மணலைக் கையால் அள்ளி வெளியே போட்டுச் சரிபார்த்தது நான்தான். வேறு யாராவது செய்யட்டும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முள் சரியாக வந்து நின்றதும் ரிஜிஸ்டரில் எழுதினேன்.

அன்று சாயங்காலம் அவரை ஒரு தடவை பார்க்கப் போனேன். என்ன சொல்வதற்குப் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது. கஞ்சியில் மருந்து கலந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். தெரியும் என்றார். இரண்டாம் நாளே தெரிந்ததாம். தெரிந்தும் ஏன் குடித்தாய் என்று கேட்டேன்.

“நீங்க அவ்ளோ சொன்னீங்களே சார், டெல்லியிலேர்ந்து நல்ல பதில் வரும்னு. ஒரு வேள வந்துச்சுன்னா-ன்னு ஆச வந்துடுச்சு” என்றார். பிறகு, “நீங்க உங்க வேலயப் பார்த்தீங்க. போங்க சார்” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் இத்தனை வருடம் கழித்து நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

மறுநாள் விடியற்காலையில் டாக்டருக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நானும் நின்றேன். நடந்ததையெல்லாம் விவரமாகச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. அவர் யாருடைய தோளையும் பிடிக்காமல் தானாக நடந்து வந்தார். நன்றாகவே நடந்தார். ஒரு மாதத்துக்கு முன்னால் எழுந்து உட்காரவே இரண்டு பேர் வேண்டியிருந்த உடம்பு அது. பலகை திறந்த பிறகு டாக்டர் படியிறங்கிக் கீழே போய் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார். இன்னும் அடிக்கிறது என்று கன்னடத்தில் முணுமுணுத்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடி வைத்தார். இன்னும் அடித்தது. கழுத்து முறிந்துவிட்டால் நினைவு உடனே போய்விடும், இதயம் மட்டும் சில நிமிஷம் ஓடும் என்று பிறகு எனக்குச் சமாதானம் சொன்னார். இருக்கலாம். அத்தனை பாலும் முட்டையும் கொடுத்துத் தேற்றிய இதயம், நிற்கச் சொன்னதும் நின்றுவிடுமா என்று மட்டும் எனக்குத் தோன்றியது.

வெளியே வந்தபோது விடிந்து வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சிறை வாசலில் ஓர் ஆள் என்னை நிறுத்தி, முடிந்துவிட்டதா என்று கேட்டார். கொலையான கொத்தனாரின் அண்ணன் என்று சொன்னார்கள். முடிந்தது என்றேன். அவர் தலையை ஆட்டினார். அப்புறம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவர் மாதிரி அங்கேயே நின்றார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோதும் நின்றுகொண்டுதான் இருந்தார். அவருக்கு என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

சுவர் ஓரத்தில் தூக்கில் போனவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். உடலை வாங்கிப் போக சொந்தக்காரர்கள் இரண்டு பேர் உள்ளே போயிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். அழுதுகொண்டே பேசுவார் என்று பயந்தேன். அவர் நிதானமாகத்தான் பேசினார்.

“பாப்பாவுக்கு இன்னும் தெரியாதுண்ணா. ஆஸ்பத்திரின்னுதான் சொல்லிகினு இருக்கேன். எங்க சந்துல ஜெயில்னு தெரியும், தூக்குன்னு தெரியாது, பேப்பர் படிக்கிறவங்க ஒருத்தரும் கெடயாது. நீங்க ஒரே ஒரு தபா வந்து, காய்ச்சல் முத்திப் போச்சு, எங்களால காப்பாத்த முடியலன்னு நாலு பேர் எதிர்ல சொன்னா போதும். ஆஸ்பத்திரிக்காரர் சொன்னா நம்புவாங்கண்ணா.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவன், நடக்காததை நடந்ததாகச் சொல்ல முடியாது என்றேன். இப்படிப் பொய் சொன்னது மேலே தெரிந்தால் வேலை போய்விடும் என்றேன். பொய் சொல்வது எனக்கு வழக்கமில்லை என்றுகூடச் சொன்ன ஞாபகம். அவர் கணவரிடம் ஒரு வாரத்துக்கு மேல், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பொய் சொன்ன அதே வாயால் சொன்னேன்.

வேலை போய்விடும் என்ற பயம் மட்டும் இல்லை. எங்களால் காப்பாற்ற முடியவில்லை என்று சொல்லச் சொன்னாரே, அந்த வார்த்தை என் வாயில் வர மறுத்தது. நான் காப்பாற்றியவனாயிற்றே. அந்த நிலைமையிலும் அந்தப் பெருமையை விட எனக்கு மனசு வரவில்லை. இதை வெளியே சொல்ல இவ்வளவு வருடம் ஆகியிருக்கிறது.

 அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டார். நான் ஆஸ்டின் டவுனுக்கு சைக்கிளை மிதித்தேன். வீட்டில் மனைவி அன்றைக்கு என்ன கேட்டாள், நான் என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. மூன்றாம் நாள் இறங்கிவிட்டது.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மனசு கேட்காமல் நீலசந்திராவுக்கு நடந்தே போனேன். எங்கள் வீட்டிலிருந்து அப்படி ஒன்றும் தூரமில்லை. அந்தப் பெண் சொன்னபடி சொல்லிவிடுவது, வேலை போனால் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் போனேன். வழி முழுவதும் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். சந்து முனையில் குழாயடியில் ஒரு நடுவயதுப் பெண்மணி தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். கொத்தனார் பெயரைச் சொல்லி வீடு எது என்று கேட்டேன்.

“யாரு, தூக்கு வீடா?” என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டிக் காட்டினார்.

கதவு பூட்டியிருந்தது. பூட்டில் துருப்பிடிக்க ஆரம்பித்திருந்தது. அந்தப் பெண்மணியே விவரம் சொன்னார். எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டதாம். உடலை எடுத்து வந்தவர்களில் ஒருவர் குடித்துவிட்டு உளறியதாகச் சொன்னார். ஸ்கூலில் மற்றப் பிள்ளைகள் அந்தக் குழந்தையைச் சுற்றி நின்று கழுத்தில் கையை வைத்து நாக்கை நீட்டிக் காட்டுமாம். ஒரு நாள் அது வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டது. அந்த வாரமே அம்மாவும் பெண்ணும் கிளம்பிவிட்டார்கள். கோலார் பக்கம் என்று சிலர் சொல்கிறார்கள், ஊருக்கே திரும்பிவிட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள், யாருக்கும் சரியாகத் தெரியாது.

நான் யார் என்று அவர் கேட்டார். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவன் என்றேன். பிறகு, எதற்காக என்று தெரியாது, வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை அவரிடம் சொன்னேன். அந்தக் கொத்தனார் தூக்கில் சாகவில்லை, டைபாய்டு காய்ச்சலில்தான் செத்துப்போனார், நான்தான் கூட இருந்தேன், எங்களால் காப்பாற்ற முடியவில்லை என்று வரிசையாகச் சொன்னேன்.

அவர் குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். நம்பினாரா, இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

“இத அன்னிக்கே வந்து சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

அதன் பிறகு வேறு ஆஸ்பத்திரிகளுக்கு மாற்றலாகி, எத்தனையோ வார்டுகளில் வேலை பார்த்து ரிட்டயரானேன். உங்களால்தான் பிழைத்தேன் என்று கையைப் பிடித்துக்கொண்டவர்கள் பலர் உண்டு. அப்போதெல்லாம் கையை விடுவித்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தக் கொத்தனார் செய்த கொலையை நான் இன்றைக்கும் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவர் ஒரு நிமிஷ ஆத்திரத்தில் செய்ததை நாங்கள் பால் வார்த்து, எடை பார்த்து, ரிஜிஸ்டரில் எழுதி, மணல் நிறுத்து, சாவகாசமாகச் செய்தோம். எங்கள் யாருக்கும் அவர் மேல் துளி கோபம்கூடக் கிடையாது.

பேப்பரில் எங்காவது ஒருவருக்குத் தூக்கு நிறைவேறியது என்று செய்தி வந்தால், கொன்றவனைப் பற்றியும் தீர்ப்புச் சொன்னவர்களைப் பற்றியும் வீட்டில் பிள்ளைகள் காரசாரமாகப் பேசுவார்கள். அந்த ஆளைத் தன் காலாலேயே நடந்து போகும்படி தேற்றிக் கொடுத்தவன் ஒருவன் எங்காவது இப்போது சாப்பிட உட்கார்ந்திருப்பானே என்ற நினைப்பு எனக்கு மட்டும் வரும், அதை அவர்களிடம் சொல்ல இன்றுவரை எனக்குத் தைரியம் வந்ததில்லை.